மனோன்மணீயத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் மேடையேற்றுவது எப்படி?

கேள்வி: குடியாத்தத்தில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராக இருக்கிறேன். ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து மனோன்மணீயத்தை ஒன்றேகால் மணி நேர நாடகமாக நடத்த விரும்புகிறோம். செய்யுள் பலருக்கும் புரியாது என்பதால் முழுவதையும் உரைநடையாக்கிவிடலாமா? போரை எப்படிக் காட்டுவது? அனுமதி ஏதும் பெற வேண்டுமா?

பதில்: அனுமதியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை 1897இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரையே நம் நாட்டில் பதிப்புரிமை நீடிக்கும் என்பதால், மூலநூலை எவரும் சுருக்கலாம், மாற்றலாம், நடிக்கலாம். ஆனால் அண்மைக் காலத்தில் ஒருவர் எழுதிய உரைநடை வடிவத்தையோ உரையையோ வசனமாக எடுத்துக்கொள்வதானால் அவருடைய எழுத்துவழி இசைவு தேவை. ஆகவே மூலத்திலிருந்தே நேரடியாக எழுதுங்கள். கதையை மாற்றத் தயங்கவும் வேண்டாம். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதைப்பாடலை எடுத்துத் தமக்கு வேண்டியவாறு வளர்த்துக்கொண்டவர்தாம் சுந்தரம் பிள்ளையும்.

முழுவதையும் உரைநடையாக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அப்படிச் செய்தால் எஞ்சுவது ஓர் அரசவைச் சூழ்ச்சிக் கதை மட்டுமே; அதற்கு மனோன்மணீயம் தேவையில்லை. செய்யுள் புரியாது என்னும் சிக்கலுக்கு உங்கள் வட்டாரத்திலேயே நெடுங்காலமாக ஒரு தீர்வு இருக்கிறது. வடஆர்க்காட்டுச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாவில் நடக்கும் பாரதக் கூத்தைக் கவனியுங்கள். நடிகர் முதலில் பாட்டையோ விருத்தத்தையோ பாடுகிறார். அடுத்து அதே பொருளை வசனமாக விரிக்கிறார். இடையே, கதையை அறிவித்து வேடிக்கையும் பேசும் கட்டியங்காரன் கேள்வி கேட்டுத் தெளிவுபடுத்துகிறான். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விளங்காதவர்கூட விடியும் வரை கதையை விடாமல் பின்தொடர்வது இதனால்தான். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையின் கூத்துக் கலைஞர்கள் அயல்நாட்டுக் கதைகளையும் இம்முறைக்குள் கொண்டுவந்து நடித்திருக்கிறார்கள்.

இம்முறையை நீங்கள் இவ்வாறு கையாளலாம்: உணர்ச்சி உச்சம் கொள்ளும் இடங்களில் மட்டும் நான்கு முதல் ஆறு அடிகள் வரை மூலச் செய்யுளை அப்படியே வைத்துக்கொண்டு, அதைத் தொடரும் பேச்சை எளிய தமிழில் எழுதுங்கள். அந்தப் பேச்சு செய்யுளுக்குப் பொழிப்புரையாக நின்றுவிடக் கூடாது. கதையை ஓரடியாவது முன்னே கொண்டுசெல்ல வேண்டும். சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலன் தனிமையில் தன் பேராசையைச் செய்யுளில் வெளியிடுகிறான் என்றால், உடனே அவன் மகன் பலதேவனை அழைத்து அடுத்த வேலையை ஏவுவது வசனமாகட்டும். அப்போது செய்யுள் மனத்தையும் வசனம் செயலையும் காட்டும். மூலச் செய்யுளின் அகவல் நடையைப் பேசிப் பழகும்போது ஒவ்வோர் அடி முடிவிலும் நிறுத்தினால் பொருள் சிதறிப்போகும். வினைமுற்று எங்கே வருகிறதோ அங்கே மூச்சு விடும்படி நடிகர்களைப் பழக்குங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே நீங்கிவிடும்.

சுருக்கும்போது வரிகளைக் கத்தரிப்பதைவிடக் களங்களைக் கழிப்பதே நல்லது. ஐந்து அங்கங்களில் அமைந்த 20 களங்களையும் தனித்தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் யாருடைய நிலை மாறியிருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். நடராசன் என்னும் பாத்திரம் சொல்லும் இயற்கை வருணனைகள் படிக்க இனியவை. ஆனால் மேடையில் கதை அங்கே நின்றுவிடும். 'சிவகாமி சரிதம்' அழகிய கிளைக்கதை. அதை வேறொரு நாளில் தனி நிகழ்ச்சியாக நடத்துங்கள். விடக் கூடாதது ஒன்றுண்டு. ஒரே அமைச்சனை நம்பி, நாராயணனைப் போன்ற நேர்மையாளரின் சொல்லைக் கேளாத மன்னன் ஜீவகனின் குறையே இந்நாடகத்தின் முடிச்சு. அது தெரியும் களங்கள் எல்லாம் இருக்க வேண்டும். மன்னனின் குரு சுந்தர முனிவர் அமைத்த சுரங்க வழியும், குடிலன் அதை அறிந்து பகை மன்னன் புருடோத்தமனிடம் போவதும் முன்னரே தெளிவாகக் காட்டப்பட்டால்தான், ஜீவகனின் மகள் மனோன்மணியின் நள்ளிரவு மணவறையில் அந்தப் புருடோத்தமன் தோன்றும்போது அவையினர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போரை நடித்துக் காட்ட முயல வேண்டாம். மிருதங்கம் ஒலிக்க, இருவர் பிடித்த திரைக்கு முன்னே கட்டியங்காரன் தோல்விச் செய்தியைச் சொல்லட்டும். திரை விலகியதும் தோற்றுத் திரும்பிய ஜீவகன் நிற்கட்டும். அதே திரை பின்னர்ச் சுரங்க வாயிலுமாகும். கட்டியங்காரன் வேடிக்கை பேசலாம். ஆனால் குடிலனை நகைப்புக்குரியவன் ஆக்கிவிட்டால் அவனிடம் யாருக்கும் அச்சம் இராது.

'நீராருங் கடலுடுத்த' இந்நூலின் வாழ்த்துப் பாடல்தான் என்றாலும், அதன் ஒரு பகுதி 2021 முதல் மாநிலப் பாடலாக இருப்பதால், அது ஒலித்தால் அவையினர் எழுந்து நிற்பார்கள். விழாத் தொடக்கத்தில் அதைப் பாடிவிட்டு, நாடகத்தை நேரே முதற்களத்தில் தொடங்குங்கள். மனப்பாடம் தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக அமர்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை உரக்கப் படியுங்கள். நடமாட்டத்துக்கும் இசைக்கும் கால் மணி நேரமாவது வேண்டும் என்பதால் வாசிப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்னொரு களத்தை எடுத்துவிடுங்கள், நடிகர்களை விரைந்து பேசச் சொல்லாதீர்கள்.