முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் அப்படித்தானா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் பிரசவத்தில் நாள் முழுவதும் வலி எடுத்தும் கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டரோடு நின்றுவிட்டதால் அவசரமாகச் சிசேரியன் செய்தார்கள். இப்போது ஆறாவது மாதம். சுகப்பிரசவத்துக்கு ஆசைப்படுகிறேன். தனியார் மருத்துவர் மீண்டும் அறுவை சிகிச்சைதான் என்கிறார். வீட்டுக்கே வந்து பிரசவம் பார்ப்பதாக ஒரு பெண் பேக்கேஜ் சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரில் எவரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஒரு சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயலும் தாய்மார்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது. வலி எடுத்தும் பிரசவம் நின்றுபோன உங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு இதைவிடச் சற்றுக் குறைவு. ஆனாலும் அன்று நின்றதை வைத்து உங்கள் இடுப்பெலும்பு குறுகலானது என்று முடிவு கட்ட முடியாது. குழந்தையின் முகம் மேல்நோக்கி இருந்தாலும் பிரசவம் அப்படி நிற்கும். இந்தக் குழந்தையும் அதே நிலையில்தான் இறங்கும் என்பதில்லை.

முதல் வேலையாக, அன்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையிடம் அதன் குறிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், வலி தானாகத் தொடங்கும் பிரசவத்தில் அந்தத் தழும்பு பிரியும் அபாயம் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான். மேல்நோக்கி நெடுக்காக வெட்டியிருந்தாலோ, குறுக்கு வெட்டு போதாமல் நடுவில் மேலே நீட்டியிருந்தாலோ அந்த அபாயம் பல மடங்காகும். அப்போது சுகப்பிரசவத்துக்கு முயலவே கூடாது. வயிற்றின் வெளித்தழும்பைப் பார்த்து இதை அறிய முடியாது. தோலில் குறுக்குக் கோடும் உள்ளே நெடுக்கு வெட்டும் இருக்கக்கூடும். குழந்தையைச் சிரமப்பட்டு எடுத்த அவசர அறுவைகளில் வெட்டை நீட்ட நேர்வதுண்டு என்பதால்தான், உங்கள் விஷயத்தில் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள் என்ற இந்த ஒரு வரியைத் தாய்க்கு எழுதிக் கொடுத்து அனுப்பாத வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வீடு திரும்பும்போது தரும் தாளில் சிசேரியன் என்று மட்டும் இருக்கும். முழு அறிக்கைக்கு விண்ணப்பம், கட்டணம், வாரக்கணக்கில் காத்திருப்பு. ஆகவே இந்த வாரமே விண்ணப்பித்து, கிடைத்ததும் நகலை உங்கள் தாய்சேய் நலப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள்.

பேக்கேஜ் பெண்ணைப் பொறுத்தவரை, அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: தழும்பு பிரிந்தால் அறுவை அரங்கும் இரத்தமும் எங்கிருந்து வரும்? தழும்பு பிரிவதன் முதல் அறிகுறி பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதுதான். அதைக் கண்டுபிடிக்கவே பிரசவ அறையில் உங்கள் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, துடிப்பையும் வலியையும் இடைவிடாமல் தாளில் பதிவு செய்கிறார்கள். அதன்பின் குழந்தையைக் காப்பாற்ற இருக்கும் நேரம் நிமிடக்கணக்குதான். பயந்துபோன தாய்மார்களிடம் இயற்கை என்ற பேரில் பணம் பறிப்பவர்கள், நிலைமை கைமீறியதும் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அவர்களும் சில உறவினர்களும் தரும் ரும்புட் ஃபாத்திமா என்ற மூலிகை ஊறவைத்த நீரையும் விளக்கெண்ணெயையும் தொடவே வேண்டாம். அவை கட்டுக்கடங்காத வலியைத் தூண்டக்கூடும். பழைய தழும்பு அதைத் தாங்காது. மருத்துவமனையிலேயே வலி வரவழைக்க மருந்து வைப்பதாகச் சொன்னாலும், தழும்பைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேளுங்கள். சில மருந்துகள் அபாயத்தை இரண்டு மூன்று மடங்காக்கும்.

தனியார் மருத்துவர் மறுப்பதற்குக் காரணம் உங்கள் உடலாக இருக்கலாம். இரவு முழுவதும் உங்களைக் கண்காணிக்க அங்கே ஆள் இல்லாததாகவும் இருக்கலாம். எது என்று நேராகவே கேளுங்கள். இரண்டாவது என்றால், அரசாங்கக் கிளினிக்கில் பதிந்து, மகப்பேறு நிபுணரிடம் அனுப்பும் கடிதம் கேளுங்கள்.

எங்கே பிரசவிப்பது என்பதை 36 வாரத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். பினாங்குத் தீவில் பொது மருத்துவமனை இருந்தாலும், உங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவே 13.5 கிலோமீட்டர் பாலமும் மாலை நேர நெரிசலும் இருக்கின்றன. செபராங் ஜெயா மருத்துவமனை உங்கள் கரையிலேயே இருக்கிறது. வலி சீராகத் தொடங்கியதும் கிளம்புங்கள். இரத்தம் பட்டாலோ, இரு வலிகளுக்கு இடையிலும் தழும்புப் பக்கம் வலி விடாமல் இருந்தாலோ, வலி சீராகும் வரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.