தத்தெடுத்த தெருநாய் கட்டிலுக்கு அடியை விட்டு வரவே மாட்டேன் என்கிறது, கிட்டப் போனால் நடுங்குகிறது. எப்படிப் பழக்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நாய் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வீட்டில் எல்லாரும் முறை வைத்துக் குனிந்து "வாடா செல்லம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். அதற்கு நீங்கள் யாரென்றே தெரியாது. இருக்கிற ஒரே மறைவிடத்துக்குள் முகத்தை நீட்டுகிற ஆள், அவ்வளவுதான்.

"நீ என்ன டாக்டரா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இல்லை. கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவர், பையன், மாமியாரோடு இருக்கிற சாதாரண ஆள்தான். ஆனால் எங்கள் பொரி வந்த புதிதில் உங்கள் நாயைவிட மோசம்.

காப்பகத்திலிருந்து வந்தபோதே வளர்ந்த நாய். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் வெட்டு, முதுகில் யாரோ வெந்நீர் ஊற்றியதில் முடி முளைக்காத ஒரு திட்டு. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததுதான். விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் படுத்த பிறகே தட்டில் வாய் வைக்கும். கணவர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தால் இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும்.

சொந்தக்காரர் ஒருவர் சொல்லி ஒரு பயிற்சியாளரை வரவழைத்தோம். வந்தவர் கழுத்தை இறுக்கும் சங்கிலியை மாட்டித் தரதரவென்று ஹாலுக்கு இழுத்தார். "நீங்கதான் தலைவர்னு அதுக்குக் காட்டணும் மேடம்" என்றார். நாய் மூச்சு வாங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. "பாருங்க, அடங்கிடுச்சு" என்றார். அது அடங்கியது இல்லை, கை கால் விறைத்துப் போனது. அப்போதே அனுப்பிவிட்டேன், முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் போனார். இந்தத் தலைவர் கதை ஓநாய்களிடமிருந்து வந்தது. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970இல் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் அவரே திருத்தி எழுதிவிட்டார். நம் ஊருக்கு அந்தத் திருத்தம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பொரி முதலில் போனது என்னிடம் இல்லை, மாமியாரிடம். அவருக்கு நாயே ஆகாது. மத்தியானம் தரையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, சீரியல் பார்த்துக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்வார். நாய் பக்கம் திரும்பவே மாட்டார். ஒருநாள் மெஷினுக்குப் பின்னாலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. பிறகு வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து, புடவை முந்தானையை முகர்ந்துவிட்டு ஒரே ஓட்டம்.

"அத்தை, திரும்பிப் பார்க்காதீங்க" என்றேன்.

"நான் எதுக்கு அதைப் பார்க்கிறேன்? கீரையில வாய் வைக்காம இருந்தா சரி."

அன்றிலிருந்து அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வேகவைத்த முட்டைத் துண்டுகளைப் போட்டு வைத்தேன். உயரமாக நிற்காமல், நேராகக் கண்ணைப் பார்க்காமல், கை நீட்டாமல் இருக்கிற ஆளிடம்தான் பயந்த நாய் வரும். அத்தைக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, வெறுப்பிலேயே சரியாகச் செய்தார். நீங்களும் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து போனைப் பாருங்கள். தின்பதற்கு ஏதாவது போட்டுவிட்டு நாயைக் கண்டுகொள்ளாதீர்கள். அது வந்து முகர்ந்தாலும் உடனே தலையில் கை வைக்காதீர்கள். கொஞ்ச நாள் கழித்து மோவாய்க்கு அடியில் லேசாகத் தடவி நிறுத்துங்கள். ஒட்டி நின்றால் இன்னும் கொஞ்சம். உதட்டை நக்கினால், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால் போதும் என்று அர்த்தம். உறுமினால் அடிக்கவே அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமல் கடிக்கும்.

ஹெல்மெட் பயத்தையும் தீனியால்தான் குறைத்தோம். முதலில் ஹாலின் மறுகோடியில் தரையில் ஹெல்மெட், நாய்க்குப் பக்கத்தில் கோழி ஈரல். ஈரலைத் தின்கிறது என்றால் தூரம் சரி. பார்த்துக்கொண்டே தின்னாமல் நின்றால் கிட்ட வந்துவிட்டோம் என்று பின்வாங்கினோம். அப்புறம் கணவர் கையில், அப்புறம் தலையில். இப்போது ஹெல்மெட்டைப் பார்த்தால் வாலை ஆட்டுகிறது. குடையைக் கண்டால் இன்றும் ஓட்டம்தான்.

பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதெல்லாம் ஏறாது. தானாக உங்களிடம் வந்து ஒண்டினால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை கால்நடை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் இருந்தாலும் நாய் மூலையில் சுருண்டுதான் கிடக்கும். பயம் ரொம்ப அதிகம் என்றால் அவரே மாத்திரை தருவார், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். நாய்ப்பாசத்தில் மனுசனை மறந்துவிட்டாள் என்று வருவார்கள், அதனால் இதையும் எழுதுகிறேன்: கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவு பாடுபட்டு வெளியே கூட்டிப் போகும் நிலைக்குக் கொண்டுவந்தால், சங்கத்துச் செயலாளர் லிஃப்டில் நாய் ஏறக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி லிஃப்டில் தடை போடச் சங்கத்துக்கு உரிமை இல்லை. அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் பையன் லிஃப்டில் பான்பராக் துப்பியதற்கு இன்றுவரை ஒரு நோட்டீஸும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எங்கே போய்ச் சொல்வது?

தீபாவளிக்குள் கழுத்துப் பட்டையோடு மார்பைச் சுற்றிக் கட்டும் வாரும் வாங்கி, பட்டையில் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். பயந்த நாய் கழுத்துப் பட்டையிலிருந்து பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓடிவிடும். பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. எங்கள் தெருவில் அதைப் படித்தவர் யாருமில்லை, அதனால் முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே வெளிக்கதவைத் தாழ் போட்டுவிடுவோம்.