மனசு ஓடாத நாள்ல எந்த புக்கை எடுக்கறது?

கேள்வி: அக்கா, நாங்க ஆறு பேர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மொட்டைமாடில உட்கார்ந்து ஒரு புக் பத்தி பேசுவோம், நாலு வருஷமா நடக்குது. ஆடி மாசம் வீட்டுக்காரருக்கு பக்கவாதம் வந்ததுல இருந்து ஆஸ்பத்திரியும் வீடுமா அலையறேன். இன்னொருத்தங்க வீட்ல தறி நின்னுபோச்சு. எடுத்து வெச்ச தலகாணி சைஸ் நாவலை யாருமே அம்பது பக்கம் தாண்டல. குரூப்பையே நிறுத்திடலாமா?
ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நிறுத்தாதீங்க கண்ணு. அந்த நாவலை மட்டும் மூடி வைங்க, அது எங்கயும் போயிடாது.

போன வருஷம் எங்கம்மாவை வார்டுல சேர்த்துட்டு பதினோரு நாள் வராண்டால பாய் போட்டு கிடந்தேன், பையில மூணு புக் இருந்துச்சு, ஒரே பக்கத்தை திரும்பத் திரும்ப படிக்கறேன், நர்ஸ் கூப்பிடறாங்களோன்னு காது உள்ளயே இருக்கும், கண்ணு மட்டும் வரி மேல போகும். யாரோ ஆறுதல் சொல்ற புக் ஒண்ணு குடுத்தாங்க, அதைப் படிச்சா கோவம் தான் வந்துச்சு. அப்புறம் தம்பிகிட்ட சொல்லி வீட்ல இருந்த அசோகமித்திரனோட ‘தண்ணீர்’ எடுத்துட்டு வரச் சொன்னேன், ஏற்கனவே படிச்சது தான். 1973ல வந்த சின்ன நாவல். மெட்ராஸ் தண்ணிப் பஞ்சத்துல ஜமுனா, சாயான்னு அக்கா தங்கச்சி குடத்தோட அலையறாங்க. ஜமுனா உயிரே வேண்டாம்னு நிக்கறப்போ ஒரு டீச்சரம்மா வர்றாங்க, அவங்க வீட்லயும் சீக்காளி புருஷன், அந்தம்மா தான் படற கஷ்டத்தை உள்ளது உள்ளபடி சொல்றாங்க, அவ்வளவு தான். அந்த இடம் வந்தப்போ தான் நான் ஒரு பக்கத்தை முழுசா தாண்டினேன். குழாயடில குடத்தை வரிசையில வெச்சுட்டு காத்து நின்ன நமக்கு அந்த நாவல் தெரு வேற ஊர்த் தெருவாவே தெரியாது.

அடுத்த மாசம் அதையே எடுங்க. ஆனா யாரும் வீட்ல படிச்சுட்டு வரணும்னு வெக்காதீங்க, மொட்டைமாடிலயே சத்தமா வாசிங்க, முடிஞ்ச வரைக்கும் போதும். அதுவும் பாரமா இருந்தா கி.ராஜநாராயணனோட ‘கதவு’ சிறுகதை, ஒரே உட்காரல்ல முடிஞ்சிடும். தீர்வை (நிலவரி) பாக்கிக்கு வீட்டுக் கதவை கழட்டிட்டு போயிடறாங்க, கஷ்டமான கதை தான், ஆனா பிள்ளைங்க அந்தக் கதவுல தொங்கி பஸ் விட்டு விளையாடறதை ஒருத்தர் வாய்விட்டு வாசிச்சா தறி நின்ன வீட்டுக்காரங்களுக்கும் முகம் கொஞ்சம் மலரும்.

பெருமாள்முருகனோட ‘பூனாச்சி’ கேட்டிருப்பீங்க, 2016ல வந்தது, ஒரு வெள்ளாட்டுக் குட்டி கதை. எனக்கு உசுரு அந்த புக். ஆனா பஞ்சம் வர்ற பக்கங்களை இப்ப நீங்க படிக்க வேண்டாம், உங்க வீட்டுக்காரர் எழுந்து நாலு அடி நடக்கட்டும்.

அப்புறம் இடத்தை மட்டும் மாத்தாதீங்க, உங்க வீட்லயே நடக்கட்டும், வரும்போது யாராவது தட்டுவடை செட் பார்சல் வாங்கிட்டு வரட்டும், நீங்க அடுப்பு பக்கம் போகவே கூடாது. அவரையும் முடிஞ்சா ஒரு சேர்ல உட்கார வைங்க. அந்த அஞ்சு பேரும் மாத்தி மாத்தி வாசிக்கட்டும். நீங்க சும்மா கேளுங்க.