கேம் ஷாஃப்ட் பட்டறைக்கு இனி என்ன வேலை? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தொழில்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

(பதிலளிப்பவர் ஓசூரில் வாகன உதிரிபாக உற்பத்திப் பிரிவை நடத்தி ஓய்வு பெற்றவர்.)

ஓசூர்: ஆறு சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். கேம் ஷாஃப்ட், கிளட்ச் பாகங்கள்தான் முக்கிய வேலை. மின்சார ஸ்கூட்டர் பெருகுகிறதே, எதை மாற்ற வேண்டும்?

இயந்திரத்தை மாற்றுவதற்கு முன் சென்ற ஆண்டு பில்களை எடுத்துப் பிரியுங்கள். கேம் ஷாஃப்ட், பிஸ்டன், கிளட்ச், சைலன்சர் எல்லாம் எஞ்சினோடு போகக்கூடியவை. பிரேக், சஸ்பென்ஷன், வீல் ஹப் எந்த வண்டிக்கும் வேண்டும். மோட்டார் உறையும் பேட்டரி உறையும் புதிதாக வருபவை. முதல் வகையில் உங்கள் வருமானம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு கவலைப்படுங்கள். புதிய வேலைக்கு உங்கள் சிஎன்சியில் ஒரு பகுதி உதவும். உறைகளுக்கு விஎம்சி, அதாவது கணினி இயக்கும் குடைதல், துளையிடுதல் இயந்திரம், வேண்டும். அலுமினியத்துக்கான டூல், ஃபிக்ஸர் (பாகத்தை அசையாமல் பிடிக்கும் அமைப்பு), கசிவுச் சோதனை ஆகியவற்றையும் கற்றாக வேண்டும்.

நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி 2020 ஏப்ரலில் வரும் என்று 2016லேயே அறிவித்தார்கள். அப்படியிருந்தும், அந்த விதியால் வழக்கொழிந்த கார்புரேட்டருக்குப் பாகம் செய்த சிலர் கடைசி ஆண்டில்தான் வேறு ஆர்டர் தேடி அலைந்தார்கள்.

இன்னொன்று: ஒரே கம்பெனிக்குப் பாதிக்கு மேல் பில் போடாதீர்கள்.

பாலக்கோடு: ஏஐ வந்துவிட்டது. கணக்கரை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் யார் பதில் எழுதுவது?

கிருஷ்ணகிரி: மாங்கூழ் ஆலை. பழம் தரம் பிரிக்கும் கேமரா இயந்திரம் வாங்கலாமா?

பெங்களூரா பழம் வருவது சில மாதம். தவணை பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். மீதி நாட்களில் ராயக்கோட்டைத் தக்காளியோ கொய்யாவோ அதில் ஓடுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஓடாது என்றால் ஒரு சீசன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

பர்கூர்: கிரானைட் தொழிலுக்கு என்ன ஆபத்து?

கல் என் துறை அல்ல. செயற்கை குவார்ட்ஸ் பலகை வெளிநாட்டுச் சமையலறைகளில் உங்கள் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஏற்றுமதி செய்பவரிடம் கேளுங்கள்.

ஓசூர், வேறொருவர்: மானியம் குறைந்த 2023 ஜூனில் மின்சார ஸ்கூட்டர் விற்பனை பாதிக்கும் கீழே விழுந்தது. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

விழுந்தது உண்மை, பிறகு எழுந்ததும் உண்மை. டிவிஎஸ் இதே ஓசூரில் பெட்ரோல் வண்டியும் செய்கிறது, ஐக்யூப் மின்சார ஸ்கூட்டரும் செய்கிறது. அவ்வளவு பெரிய கம்பெனியே இரண்டையும் கையில் வைத்திருக்கும்போது, நீங்கள் மட்டும் ஏன் ஒன்றிலேயே நிற்க வேண்டும்?

போச்சம்பள்ளி: குறுக்கிடுகிறேன். மின்சார வண்டிக் கம்பெனி ஒன்றை நம்பிக் கடன் வாங்கினேன். ஆர்டர் பாதியில் நின்றது, பணமும் வரவில்லை.

மறுபடியும் அதே கதை: ஒரே வாடிக்கையாளர்! ஃபிக்ஸர் செலவு யாருடையது, ஆர்டர் நின்றால் யார் தருவது என்று எழுதி வாங்கினீர்களா? உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு தொழிலாக இருந்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து, பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றத்தில் மனு போடுங்கள்.

அதே ஓசூர்காரர்: பார்த்தீர்களா, நான் சொன்னதுதானே நடந்தது?

இல்லை ஐயா. அவர் பேட்டரி மீது பந்தயம் கட்டினார், நீங்கள் பெட்ரோல் மீது கட்டுகிறீர்கள். எது ஜெயிக்கும் என்பது என் கேள்வியே இல்லை. எது தோற்றாலும் அடுத்த ஆறு மாதம் சம்பளம் போட முடியுமா என்பதைப் பேசுங்கள். இந்த வாதத்தை இதோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தருமபுரி: மகன் என்ன படித்தால் வேலை போகாது?

அடிக்கடி வரும் கேள்வி. அரசு ஐடிஐக்கள் பலவற்றில் ரோபோ, சிஎன்சி பிரிவுகள் வந்திருக்கின்றன. அவனையே அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

சூளகிரி: இருபது ஆண்டு லேத் ஓட்டிய மூன்று பேர் இருக்கிறார்கள். புது இயந்திரம் வந்தால் அவர்களை என்ன செய்வது?

நல்ல கேள்வி. டூல் தேய்வதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். ஒருவரை, டூல் பொருத்தி இயந்திரத்தைத் தயார்செய்யும் செட்டராக்குங்கள், ஒருவரை இன்ஸ்பெக்‌ஷனில் வையுங்கள். மூன்றாமவருக்கு விருப்பம் எதில் என்று அவரிடமே கேளுங்கள். பயிற்சி இயந்திரம் இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விலை பேசும்போதே மூவருக்கும் பயிற்சி விற்பவர் பொறுப்பு என்று சேர்த்துப் பேசுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது. சம்பளம் குறையாது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தெரிந்ததையும் சொல்லித்தர மாட்டார்கள்.

காவேரிப்பட்டணம்: ஏஐக்கு எந்த மென்பொருள் வாங்கலாம்?

இன்னும் ஒரு ஏஐ! எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம், எதனால் நின்றது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், பேசுவோம்.