ஆண்டெனாவை நிமிர்த்துவதா, படுக்க வைப்பதா?

கேள்வி: தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கேபிள் டிவியோடு இணைய இணைப்பும் கொடுத்து வருகிறேன். மொட்டை மாடி டவரிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மூலம் தருகிறோம். தென்னந்தோப்புகளைத் தாண்ட வெர்ட்டிகல் போலரைசேஷன்தான் (அலை செங்குத்தாக அதிர்வது) சரி என்கிறார் என் டெக்னீஷியன். இரைச்சல் குறைய ஹரிசான்டல் (கிடைமட்டம்) வையுங்கள் என்கிறார் கருவி விற்பவர். புதிதாக வாங்கிய செக்டர் ஆண்டெனாவோ (ஒரு பக்கமாக விசிறி போல அலை பரப்புவது) 45 பாகைச் சாய்வு வகை. எதை நம்புவது, ஐயா?

பதில்: இந்தக் கேள்விக்கு 2009க்கு முன் ஒரு பதிலும் அதன் பின் வேறொரு பதிலும் உண்டு. அந்த ஆண்டு 802.11என் என்ற வைஃபை தரம் வெளிவரும் வரை, இத்தகைய ரேடியோக்களில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் ஒரே தகவல் ஓடையைத்தான் அனுப்பின. ஆகவே அலையின் மின்புலம் செங்குத்தாக அதிர வேண்டுமா, கிடைமட்டமாக அதிர வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கம்பு போல நின்று சுற்றிலும் அலை பரப்பும் ஆம்னி ஆண்டெனாக்கள் எல்லாம் செங்குத்தாகவே ஒலிபரப்பியதால், கிடைமட்டத்தில் வைத்தவருக்கு அக்கம்பக்கத்து இரைச்சல் 20 டெசிபெல் வரை, அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைந்து கேட்டது. விற்பவர் சொல்வது அந்தக் காலத்து அறிவுரை. அன்றைக்கு அது நல்ல அறிவுரையும்கூட. இன்றைய ரேடியோக்கள் இரு போலரைசேஷனிலும் தனித்தனி ஓடைகளை ஒரே சமயத்தில் அனுப்புகின்றன. உங்கள் போட்டியாளரும் அவ்வாறே இரண்டையும் நிரப்பியிருப்பதால், ஒதுங்கிக்கொள்ளக் காலியான பக்கம் என்று ஒன்று இல்லை. இரைச்சலுக்கு மருந்து அலைவரிசையை மாற்றுவதும், குறுகிய கோணமுள்ள ஆண்டெனாவைப் பொருத்துவதும்தான்.

டெக்னீஷியன் சொல்வது தலைகீழ். நேராக நிற்கும் மரத்தண்டுகள் செங்குத்து அலையையே கூடுதலாக உறிஞ்சும். அதுவும் பழைய தொலைக்காட்சி அலைவரிசை போன்ற தாழ்ந்த அதிர்வெண்களில்தான் கண்ணுக்குத் தெரியும் அளவில் நடக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓலைகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுங்கிவிடும், நனைந்த ஓலை இன்னும் அதிகமாக. தோப்புக்கு மேலே ஆண்டெனாவை உயர்த்துவதற்கு மாற்று வழி கிடையாது.

45 பாகைச் சாய்வு நல்ல ஏற்பாடு. இரு ஓடைகளும் நிலத்தையும் மரங்களையும் ஒரே விதமாகச் சந்திப்பதால் இரண்டின் வலிமையும் ஒத்திருக்கும். ஆனால் டவரில் சாய்வு வகையையும் வீட்டில் செங்குத்து-கிடைமட்ட வகையையும் கலக்காதீர்கள். கலந்தால் ஒவ்வொரு ஓடையும் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்து விழும். பெறும் கருவி கணக்குப் போட்டுப் பிரித்தெடுத்துவிடும் என்றாலும், இரு செயினிலும் (போலரைசேஷனுக்கு ஒன்றாக ரேடியோவுக்குள் இருக்கும் தடங்கள்) ஒரே தகவல் போகும் நேரங்களில் ஒரு பக்கம் மெலிந்துபோக இடமுண்டு. ஒற்றை ஓடைப் பழைய கருவி ஏதாவது மீதமிருந்தால் அதற்கு 3 டெசிபெல் இழப்பு நிச்சயம்.

இதைவிட முக்கியமானது பொருத்தும் வேலை. டிஷ் 5 பாகை திருகியிருந்தாலே ஒரு போலரைசேஷன் மற்றதில் கசிந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளி 21 டெசிபெலுக்கு இறங்கிவிடும்; 10 பாகையானால் 15 டெசிபெல்தான் மிச்சம். குழாயில் நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு ரேடியோவின் அமைப்புத் திரையில் செயின் 0, செயின் 1 என்று காட்டும் இரு எண்களையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு 3, 4 டெசிபெலைத் தாண்டினால் திருகலையோ, கனெக்டரில் புகுந்த ஈரத்தையோ சந்தேகிக்கலாம்.

கேள்வி: ஏரிக்கு அக்கரையில் 9 கிலோமீட்டரில் ஒரு லிங்க் (இரு முனைக்கு இடையிலான ரேடியோ இணைப்பு) இருக்கிறது. இரு முனையிலும் ஆண்டெனா 30 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏரி நிரம்பியபோது நன்றாக ஓடியது, நீர் இறங்கியதும் விழுந்துவிட்டது. செங்குத்தாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: நீர்ப்பரப்பில் செங்குத்து அலை குறைவாகப் பிரதிபலிக்கும் என்று நூல்களில் படித்திருப்பீர்கள். அது ஏறத்தாழ 7 பாகையில் அலை நீரைத் தொடும்போது உண்மை. உங்கள் லிங்கில் அந்தக் கோணம் அரை பாகைக்கும் குறைவு. அங்கே செங்குத்து அலையும் பத்தில் ஒன்பது பங்கு வீச்சோடு திரும்பி எழும், ஆகவே ஆதாயம் சொற்பம். நேர் அலைக்கும் நீரில் பட்டு வரும் அலைக்கும் பாதை நீளத்தில் உள்ள வேறுபாடு நீங்கள் சொன்ன உயரத்துக்கும் தூரத்துக்கும் 20 சென்டிமீட்டர். நீர் 2 மீட்டர் இறங்கினால் அது 22.8 ஆகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5.2 சென்டிமீட்டர் என்பதால், அந்த 2.8 சென்டிமீட்டர் மாற்றம் ஏறத்தாழ அரை அலைநீளம்: கூடிக்கொண்டிருந்த இரு அலைகள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்குகின்றன. ஒரு முனையில் ஆண்டெனாவை 4 மீட்டர் இறக்கினால் இன்றைக்குச் சரியாகும், அடுத்த மழைக்கு மறுபடி கெடும். நிலையான தீர்வு, ஒரு முனையை நன்கு தாழ்த்தி, பிரதிபலிப்புப் புள்ளி தண்ணீரை விட்டுக் கரையோர வயலிலோ மரங்களிலோ விழும்படி செய்வது. நேர்ப்பார்வை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: உரிமம் பெற்ற 15 கிகாஹெர்ட்ஸ் லிங்குக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை, அங்கே மழை பேசத் தொடங்குகிறது. பெரிய மழைத்துளி விழும்போது பன் போல அடி தட்டையாகி அகலமாவதால் கிடைமட்ட அலையைக் கூடுதலாகத் தடுக்கும். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் கிலோமீட்டருக்கு இழப்பு கிடைமட்டத்தில் ஏறத்தாழ 8 டெசிபெல், செங்குத்தில் 6. (5 கிகாஹெர்ட்ஸில் அதே மழைக்கு ஒரு டெசிபெலை ஒட்டியே இருக்கும்.) ஒன்றுதான் வேண்டுமென்றால் செங்குத்தையே கேளுங்கள். இரண்டையும் பயன்படுத்தும் கருவியானால் பெருமழையில் கிடைமட்டப் பக்கம்தான் முதலில் விழும். மருத்துவமனை, வங்கி இணைப்புகளைச் செங்குத்துப் பக்கத்தில் ஏற்றிவையுங்கள்.