தினமும் 6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் எஸ்யூவி வாங்கலாமா?

உங்கள் ஓட்டம் இவ்வளவுதான் என்றால் வேண்டாம். மைலேஜ் ஆசையில் வாங்கி அவதிப்படுவீர்கள்.

என்னுடையது 1.5 லிட்டர் டீசல் எஸ்யூவி. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 90 வேகத்தைத் தாண்டாமல் போனால் லிட்டருக்கு 19 தருகிறது. அதே வண்டி நகர நெரிசலில் 12-க்கு இறங்கிவிடும். டேங்க் நிரப்பி, ஓடிய தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்த எண்கள் இவை. மீட்டர் காட்டுவது பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல்.

உண்மையான சிக்கல் டிபிஎஃப். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களில் இந்தப் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காக இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தும். உங்கள் 6 கிலோமீட்டர் ஓட்டத்தைப் போல, கரி எரிந்து முடியும் முன் பாதியில் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்தால் அந்த டீசலில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் கலந்துவிடும். ஊரடங்கு முடிந்த சமயம் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன்: ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது, விரலில் தண்ணீராக வழுக்கியது, டீசல் வாடை. ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன், கூடினாலும் ஆபத்துதான்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை புறவழிச்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் நெடுஞ்சாலைக்குப் போங்கள். டிபிஎஃபுக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த ஆயிலை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். டீசல் ஃபில்டர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் கலந்த டீசல், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கெடுத்தால் செலவு பல ஆயிரம்.

மாதம் 1,500 கிலோமீட்டர் வெளியூர் ஓட்டம் இருப்பவருக்கு டீசலைத் தாராளமாகச் சொல்வேன். உங்களுக்குப் பெட்ரோல்தான்.