துரை பங்களா மேசை

கேள்வி: என் தாத்தா தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது கொடுத்த மேசை எங்களிடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பலகை மடங்கும், ஒரு லாச்சி (இழுப்பறை) உண்டு. இங்கிலாந்துச் சாமான் என்கிறார் அண்ணன். பழைய சாமான் வியாபாரியோ, "இங்கே செய்ததுதான், முந்நூறு வெள்ளி தேறும்" என்கிறார். யாரை நம்புவது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வாங்க வந்தவர் விலை சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். லாச்சியை உருவிக் கவிழ்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பழுது பார்த்த நாற்பது வருஷமும் நான் முதலில் செய்தது அதுதான்.

நீங்கள் சொல்வது பெம்புரோக் மேசை மாதிரி தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பிரபலமானது. அமெரிக்கக் காலனி மரங்களுக்கு இருந்த இறக்குமதி வரியை 1721இல் எடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் ஜமைக்கா மஹோகனி அங்கே போய்க் குவிந்தது. ஆனாலும் விலை அதிகம். அதனால் கண்ணில் படுகிற இடத்துக்கு மஹோகனி, லாச்சியின் உள்ளே ஓக் அல்லது பைன் என்று சிக்கனம் பிடித்தார்கள். உங்கள் லாச்சியிலும் அப்படி இருந்தால் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. உள்ளும் புறமும் தேக்கு என்றால், துரை காட்டிய படத்தைப் பார்த்து இந்தப் பக்கத்துத் தச்சர் யாரோ செய்திருப்பார். அதுவும் நல்ல மேசைதான், தள்ளிவிடாதீர்கள்.

கீலில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். 1850க்கு முந்தையது என்றால் நுனி மொட்டையாக இருக்கும், தலையிலுள்ள பள்ளமும் நடுவில் இராமல் ஒதுங்கியிருக்கும். கூர் நுனி ஸ்க்ரூ அதற்கு அப்புறம் பரவியது. ஆனால் ஒரு ஸ்க்ரூவை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், இடையில் யாராவது மாற்றியிருப்பார்கள். பலகையின் அடியில் வளைந்த ரம்பக் கோடு தெரிந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்தது. 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோதான்.

ஒருமுறை இப்படித்தான் ஒரு லாச்சியைக் கவிழ்த்தேன். பக்கமெல்லாம் அசல் ஓக். அடிப்பலகையில் மட்டும் தேயிலைப் பெட்டியின் கறுப்பு எழுத்து, அதுவும் தலைகீழாக! பைனைக் கரையான் தின்றிருக்கும், கைக்குக் கிடைத்த பலகையை அடித்துவிட்டார்கள். மேசை இங்கிலாந்து, வயிறு கேமரன் மலை.

கேள்வி: பழைய மேசையைத் தேய்த்துப் புது வார்னிஷ் அடிக்கலாமா?
- வாசகர், கூலிம்

பதில்: வேண்டாம். உப்புத்தாள் பட்டால் பழைய நிறம் போய்விடும், திரும்ப வராது. மெல்லிய துணியில் கொஞ்சம் தேன்மெழுகு தொட்டுத் துடையுங்கள். சூடான தேநீர்க் குவளையை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள்.